எலக்ட்ரீஷியன் வேலைக்கு எஸ்டிமேட் போடுவதும் ரேட் சொல்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐடிஐ முடித்துவிட்டு, நான்கைந்து வருடம் இன்னொருவரிடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாக வீட்டு வயரிங் எடுத்துச் செய்ய ஆரம்பித்திருக்கும் தம்பிகள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. வயர் இழுப்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. வீட்டுக்காரர் "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். பதில்களில் வரும் கூலித் தொகைகள் கணக்கைக் காட்டுவதற்காகப் போட்டவை. உங்கள் ஊருக்கு, உங்கள் செலவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் என்ன ரேட் வாங்குகிறார்களோ அதையே நானும் சொன்னால் போதாதா?

ஊர் ரேட் தெரிந்திருக்க வேண்டும், சரிதான். ஆனால் அது உங்கள் ரேட் ஆகாது. பக்கத்துத் தெருக்காரருக்குச் சொந்த வீடு இருக்கலாம், கூடவே மகன் வேலை பார்க்கலாம், எர்த் வயர் (கசியும் கரண்டைப் பூமிக்கு இறக்கும் பாதுகாப்பு வயர்) போடாமலே வேலையை முடிப்பவராகக்கூட இருக்கலாம். அவர் சொல்லும் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்று உண்டு. கட்டுப்படியாகாத ரேட்டுக்கு எடுத்த வேலையில் முதலில் காணாமல் போவது எர்த் வயர்தான். அடுத்து 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போட வேண்டிய இடத்தில் மெல்லிய 1.5 வருகிறது. அப்புறம் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சாதனம்) "பிறகு பார்த்துக்கலாம்" ஆகிறது. வீட்டுக்காரருக்கு அன்றைக்கு இது எதுவும் தெரியாது, லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடுகிறவருக்குத்தான் ஒருநாள் தெரியும். அதனால்தான் ரேட் போடுவதை நான் வெறும் காசுக் கணக்காகப் பார்ப்பதில்லை, அதுவும் பாதுகாப்பு வேலையில் சேர்ந்ததே.

அப்படியென்றால் என் ஒருநாள் கூலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

வீட்டுச் செலவிலிருந்து தொடங்குங்கள். மாதம் 30,000 ரூபாய் வீட்டுக்கு வேண்டும் என்று வைப்போம். வண்டி, பெட்ரோல், ஃபோன், டிரில் பிட், கட்டிங் பிளேடு, கருவி தேய்மானம், லைசென்ஸ் புதுப்பிப்பு எல்லாமாக மாதம் 8,000. இன்ஷூரன்ஸும் சேமிப்பும் 4,000. ஆக மாதம் 42,000, வருடத்துக்கு 5,04,000.

அடுத்து, காசு வரும் நாள் எத்தனை? வருடத்தில் 365 நாள் இருக்கிறதே என்று வகுத்துவிடாதீர்கள். ஞாயிறு மட்டுமே 52 போய்விடும். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, கல்யாணம், காய்ச்சல் என்று கொஞ்சம் போகும். இன்னும் பெரிய பங்கு, கூலி வராத வேலைகளுக்குப் போகிறது: இடம் பார்க்கப் போவது, எஸ்டிமேட் எழுதுவது, கடையில் சாமான் எடுக்க நிற்பது, பாக்கி வசூலுக்கு அலைவது. இதையெல்லாம் கழித்தால் 220 நாள் கிடைப்பதே நல்ல வருடம். 5,04,000 ரூபாயை 220-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,290. உங்கள் ஒருநாள் கூலி 2,300 ரூபாய்.

"இவ்வளவா?" என்று தோன்றும். 1,200 ரூபாய்க்குப் போகிறவர் மீதி 1,100-ஐத் தன் கருவியிலிருந்தும், பிள்ளைகளின் படிப்பிலிருந்தும், கடனிலிருந்தும் எடுத்துக் கொடுக்கிறார்.

பாயிண்ட் ரேட்டா, ஸ்கொயர் ஃபீட் ரேட்டா? எது நல்லது?

வீட்டு வேலைக்குப் பாயிண்ட் ரேட்தான், அதாவது லைட், ஃபேன், பிளக் என்று எண்ணிப் போடும் ரேட்தான் என் தேர்வு. பொதுப்பணித் துறை எஸ்டிமேட்டிலும் லைட், ஃபேன் பாயிண்ட்டுகளை எண்ணிக்கையாகவும், மெயின் லைன் ஓட்டத்தை மீட்டர் கணக்கிலும் தனித்தனியாகத்தான் போடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

ஸ்கொயர் ஃபீட் கணக்கு மேஸ்திரிக்கும் வீட்டுக்காரருக்கும் சுலபம். ஆனால் கரண்ட் வேலை தரையின் அளவைப் பொறுத்தது இல்லையே. 1,000 சதுர அடி வீட்டுக்கு அடிக்கு 55 ரூபாய் பேசினால் 55,000 வரும். அந்த வீட்டில் 70 பாயிண்ட் என்றால் ஒன்றுக்கு 786 ரூபாய். அதே வீட்டுக்காரர் ஃபால்ஸ் சீலிங், புரொஃபைல் லைட், கேமரா, ரூமுக்கு ரூம் டிவி என்று சேர்த்து 120 பாயிண்ட் ஆக்கினால் ஒன்றுக்கு 458. வேலை கூடிவிட்டது, பணம் அப்படியே நிற்கிறது. மேஸ்திரி கீழே சப்-கான்ட்ராக்ட் எடுத்து, அவர் அடிக் கணக்கில்தான் தருவேன் என்றால், "இத்தனை பாயிண்ட் வரைக்கும் இந்த ரேட், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு" என்று உச்சவரம்பு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் என்று எதை எண்ணுவது? இதில்தான் எப்போதும் சண்டை வருகிறது.

சண்டை வருவதற்குக் காரணம், யாரும் முதலிலேயே சொல்லாததுதான். நான் எண்ணும் முறை இது. ஒரு சுவிட்சும் அது இயக்கும் ஒரு லைட்டோ ஃபேனோ சேர்ந்து ஒரு பாயிண்ட். போர்டிலேயே இருக்கும் 6 ஆம்பியர் பிளக் அரை பாயிண்ட். தனியாகச் சுவரில் வேறு இடத்தில் வரும் 6 ஆம்பியர் பிளக் முழு பாயிண்ட். 16 ஆம்பியர் பவர் பிளக் தனி ரேட், ஏனென்றால் அதற்கு டிபியிலிருந்து (வீடு முழுக்கக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தனி லைன் வர வேண்டும். ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் அந்த வகையில் சேரும். மாடிப்படி டூ-வே லைட் இரண்டு பாயிண்ட்: இரண்டு போர்டு, நடுவில் கூடுதல் வயர்கள். டிபி, மீட்டர் போர்டு, மெயின் லைன், எர்த் குழி, இன்வெர்ட்டர் லைன் ஐந்தும் தனித்தனித் தொகை.

வேறு மாதிரி எண்ணுகிறவர்களும் உண்டு, தப்பில்லை. எப்படி எண்ணினாலும் அதை எஸ்டிமேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஃபேன் மாட்டித் தருவது பாயிண்ட் ரேட்டில் அடக்கமா, தனியா என்பதையும் எழுதுங்கள். கடைசி வாரத்தில் அட்டைப்பெட்டியோடு எட்டு ஃபேனும் ஒரு சரவிளக்கும் வந்து இறங்கும்போதுதான் அந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

வயரும் பைப்பும் எவ்வளவு ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது? குத்துமதிப்பாகச் சொல்கிறேன், எப்போதும் குறைகிறது.

ஒரே ஒரு ஃபேன் பாயிண்டை எடுத்துப் பொறுமையாக அளந்து பாருங்கள். போர்டு தரையிலிருந்து 4 அடி, கூரை 10 அடி. சுவரில் மேலே ஏற 6 அடி. அங்கிருந்து ரூமின் நடுவில் இருக்கும் ஃபேன் பாக்ஸுக்கு 8 அடி. போர்டுக்குள் ஒரு அடி, ஃபேன் பாக்ஸில் ஒரு அடி வால் விட வேண்டும். மொத்தம் 16 அடி, ஏறக்குறைய 5 மீட்டர். பேஸ் (கரண்ட் வரும் வயர்), நியூட்ரல் (திரும்பும் வயர்), எர்த் என மூன்று வயர் போவதால் 15 மீட்டர். 90 மீட்டர் காயிலில் (ஒரு சுருள் வயர்) இப்படி ஆறு பாயிண்ட்தான் வரும். குத்துமதிப்பாகச் சொல்கிறவர் பெரும்பாலும் ஒற்றை ஓட்டத்தை மட்டும் மனதில் வைத்துச் சொல்லிவிடுகிறார், எர்த்தை மறந்தே விடுகிறார்.

அடுத்து ஏசி பாயிண்ட். ஹாலில் இருக்கும் டிபியிலிருந்து கடைசி பெட்ரூம் ஏசி வரை கூரை வழியாக 40 அடி என்றால் 12 மீட்டர். 4 ஸ்கொயரில் மூன்று ஓட்டம், 36 மீட்டர். இரண்டு ஏசி இருந்தால் கிட்டத்தட்ட ஒரு காயில் காலி. டிபியை வீட்டின் நடுவில் வைக்கச் சொன்னால் இந்த நீளம் கணிசமாகக் குறையும். பிளான் கட்டத்திலேயே வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது. அவருக்குக் காசு மிச்சமாகும், உங்கள் மேல் நம்பிக்கையும் வரும்.

சர்க்யூட் எண்ணிக்கையையும் முன்பே முடிவு செய்யுங்கள். லைட்-ஃபேன் சர்க்யூட் ஒன்றுக்குப் பத்து பாயிண்ட் அல்லது 800 வாட், பவர் சர்க்யூட் ஒன்றுக்கு இரண்டு பிளக் அல்லது 3,000 வாட் என்பது நாம் படித்த பழைய விதி. அதை வைத்து எண்ணினால் டிபியில் எத்தனை எம்சிபி (லோடு அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்), எத்தனை வழி பாக்ஸ், டிபியிலிருந்து போர்டுகளுக்கு எத்தனை லைன் என்று எல்லாமே கிடைத்துவிடும்.

பைப்பை 10 அடி லெங்க்தாக எண்ணி, வெட்டுக் கழிவுக்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள். பெண்ட், பாக்ஸ், கப்ளர், சொல்யூஷன், ஆணி, கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப் என்று சின்னச் சின்ன சாமான்களை யாரும் எழுதுவதில்லை. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒருநாள் கூலியை விழுங்கிவிடும்.

லேபர் மட்டும் எடுப்பதா, சாமானோடு எடுப்பதா?

ஆரம்பத்தில் லேபர் மட்டும் எடுங்கள். சாமானோடு எடுத்தால் கடைக்காரரிடம் உங்கள் பெயரில் கடன் நிற்கும். வீட்டுக்காரர் இழுத்தடித்தால் இரண்டு பக்கமும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று, வயர் விலை. செம்பு உலகச் சந்தையோடு ஏறி இறங்குவதால் கம்பெனிகள் அடிக்கடி விலைப்பட்டியலை மாற்றுகின்றன. ஆவணியில் சொன்ன காயில் விலை தையில் நிற்காது. வீடு கட்டுவதோ எட்டு மாதம், பத்து மாதம் இழுக்கும்.

சாமானோடு எடுக்கத்தான் வேண்டும் என்றால் எஸ்டிமேட்டில் பிராண்ட், ஸ்கொயர், காயில் எண்ணிக்கை மூன்றையும் எழுதி, "இந்த விலை 15 நாளைக்கு, அதற்கு மேல் வாங்கும் நாள் விலைப்படி" என்று போடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத வயரை, வீட்டுக்காரரே வாங்கி வந்து கொடுத்தாலும் இழுக்காதீர்கள். நாளைக்குச் சுவருக்குள் உருகினால் யார் வாங்கினார்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள், யார் இழுத்தார்கள் என்றுதான் கேட்பார்கள்.

கடையில் தரும் கமிஷனை வாங்கலாமா?

இதைப் பலர் வெளிப்படையாகப் பேசுவதில்லை. கடைக்காரர் சதவீதம் தருகிறார், சில கம்பெனிகள் எலக்ட்ரீஷியனுக்கென்றே கூப்பன், பாயிண்ட் என்று கொடுக்கின்றன. என் முடிவு இது: கம்பெனி நேரடியாக எலக்ட்ரீஷியனுக்குத் தரும் கூப்பனை எடுத்துக்கொள்ளலாம், அதனால் வீட்டுக்காரர் பில்லில் ஒரு ரூபாயும் ஏறாது. ஆனால் பில்லை ஏற்றிப் போட்டு வரும் கமிஷன் வேண்டாம். வீட்டுக்காரர் வேறு கடையில் விலை கேட்டுவிட்டால் அந்தக் கணமே உங்கள் பெயர் போய்விடும், பிறகு உங்கள் நியாயமான கூலியைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்.

சாமான் எடுக்கப் போய் வரும் நேரத்துக்கும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதற்கும் "பர்ச்சேஸ் கூலி" என்று எஸ்டிமேட்டிலேயே ஒரு தொகை எழுதுங்கள். கேட்டு வாங்கும் காசுக்கு யாரிடமும் பயப்பட வேண்டியதில்லை.

ஒரு முழு வீட்டுக்கு லேபர் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

1,000 சதுர அடி, இரண்டு பெட்ரூம், கன்சீல்டு வயரிங் (சுவருக்குள் பைப் வைத்துச் செய்வது), 90 பாயிண்ட் என்று வைப்போம். நீங்களும் ஒரு கையாளும். கூரை கான்கிரீட்டுக்கு முன் சென்ட்ரிங் மேல் பைப் போட 2 நாள். சுவர் வெட்டி, பைப்பும் பாக்ஸும் வைத்து மூட 5 நாள். வயர் இழுக்க 3 நாள். சுவிட்ச், டிபி, லைட் மாட்டி, டெஸ்ட் செய்ய 5 நாள். மொத்தம் 15 நாள். உங்கள் கூலி 2,300, கையாளுக்கு 900, ஆக நாளுக்கு 3,200. பதினைந்து நாளுக்கு 48,000.

இதோடு எதிர்பாராததற்குப் பத்து சதவீதம் கூட்டுங்கள், 52,800. பைப் அடைப்பு, மேஸ்திரி பூச்சில் மூடிவிட்ட பாக்ஸைத் தேடுவது, மழையால் நிற்கும் நாள் எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடக்க வேண்டும். அப்புறம் தொழிலுக்கென்று பத்து சதவீத லாபம், 58,080. கூலி வேறு, லாபம் வேறு. அந்த லாபத்திலிருந்துதான் அடுத்த வருடம் நல்ல மெகரும் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வால் சேசரும் (சுவர் வெட்டும் மெஷின்) வாங்க முடியும். 58,080 ரூபாயை 90-ஆல் வகுத்தால் பாயிண்டுக்கு 645 வருகிறது.

இப்போது ஊர் ரேட்டோடு ஒப்பிடுங்கள். ஊரில் 500 என்றால் உங்கள் வேலை மெதுவா, உங்கள் செலவு அதிகமா, அல்லது ஊரில் ஏதோ ஒன்றை விட்டுவிட்டுச் செய்கிறார்களா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் எந்தக் கட்டத்துக்கு நிஜமாக எத்தனை நாள் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான்கைந்து வீடு முடிந்ததும் அந்த நோட்டைவிட நல்ல ரேட் புத்தகம் உங்களுக்குக் கிடைக்காது.

வீட்டுக்காரர் பத்து சதவீதம் குறைக்கச் சொல்கிறார். குறைக்கலாமா?

குறைப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். உங்கள் செலவு 1,00,000, அதன் மேல் 20 சதவீதம் வைத்து 1,20,000 சொல்கிறீர்கள். பத்து சதவீதம் குறைத்தால் 12,000 போகிறது. உங்கள் லாபமே 20,000தான், மீதி 8,000. வீட்டுக்காரருக்குப் பத்து சதவீதம் என்பது உங்களுக்கு லாபத்தில் அறுபது சதவீதம். சொல்லும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு லாபமாக நிற்க வேண்டுமென்றால் செலவின் மேல் 25 சதவீதம் வைக்க வேண்டும். 20 போதாது.

ஆகவே ரேட்டைக் குறைக்காதீர்கள், வேண்டுமானால் வேலையைக் குறையுங்கள். "சார், 54,000-க்குள் முடிக்கணும்னா மொட்டை மாடி லைனையும் காம்பவுண்ட் லைட்டையும் இப்போ பைப் மட்டும் போட்டு விட்டுடலாம், வயர் பிறகு இழுத்துக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். எர்த், ஆர்சிசிபி, வயர் சைஸ் மூன்றில் மட்டும் பேரத்துக்கு இடமில்லை என்று மரியாதையாக, சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள். அதற்கும் ஒத்துவராத வேலையை விட்டுவிடலாம்.

எஸ்டிமேட்டை எழுத்தில் கொடுக்கத்தான் வேண்டுமா? இங்கே எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

வாய்ப்பேச்சு நம்பிக்கையில் நடக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு மாதம் கழித்து யார் என்ன சொன்னோம் என்று இரண்டு பேருக்கும் நினைவிருக்காது. ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கினால் போதும். ரூம் வாரியாகப் பாயிண்ட் எண்ணிக்கை, ரேட், தனித் தொகைகள், பணம் தர வேண்டிய கட்டங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும்.

எது அடக்கமில்லை என்பதை எழுதுவது இன்னும் முக்கியம். வெட்டிய சுவருக்குப் பூச்சு, பெயிண்ட், உயரத்துக்குச் சாரம், குப்பை அள்ளுவது, மின் வாரியத்துக்குக் கட்டும் பணம், கேமரா மற்றும் இன்டர்நெட் வேலை. இந்த வரிகள் இல்லாவிட்டால் எல்லாமே உங்கள் தலையில்தான் வந்து விழும்.

"இன்னும் ஒரே ஒரு பாயிண்ட்தானே தம்பி" என்று கேட்டால் எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம், செய்து கொடுங்கள். ஆனால் அன்றைக்கே எழுதுங்கள். "செய்துடலாம்மா, இது எஸ்டிமேட்டில் இல்லாதது, ஒரு பாயிண்ட் கூடுது, வாட்ஸ்அப்பில் போட்டுடுறேன்" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்குங்கள். பூச்சு முடிந்த சுவரை மறுபடி வெட்ட வேண்டிய பாயிண்டுக்கு ஒன்றரை மடங்கு ரேட் என்று எஸ்டிமேட்டிலேயே இருந்தால், சுவர் பூசுவதற்கு முன்பே எல்லோரும் யோசித்துச் சொல்வார்கள். பூச்சுக்கு முந்திய நாள் வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு ரூம் ரூமாக நடந்து, மிக்ஸி எங்கே, ஃபிரிட்ஜ் எங்கே, கட்டில் தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்டுச் சுவரில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். கூடுதல் பாயிண்ட் தகராறில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்துவிடும்.

பணத்தை எந்தெந்தக் கட்டத்தில் வாங்குவது?

நான் பிரிப்பது: அட்வான்ஸ் 10 சதவீதம், கூரை பைப் முடிந்ததும் 15, சுவர் பைப்பும் பாக்ஸும் முடிந்ததும் 30, வயர் இழுத்ததும் 25, ஃபிட்டிங் முடிந்ததும் 15, டெஸ்ட் செய்து காட்டியதும் கடைசி 5. ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் செய்த வேலையின் மதிப்பைவிட வாங்கிய பணம் ரொம்பப் பின்தங்கிவிடக் கூடாது.

கிரகப்பிரவேசத் தேதியை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பால் காய்ச்சுவதற்கு முந்திய வாரத்துக்குள் ஃபிட்டிங் பணம் கைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பந்தல், சாப்பாடு, சீர் என்று வீட்டுக்காரர் கையில் நிஜமாகவே பணம் இருக்காது, அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த அவசரத்தில் "இன்னைக்கு மட்டும் லைன் கொடுத்துடு, எர்த் நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று கேட்பார்கள். வீடு நிறைய குழந்தைகள் ஓடும் நாள் அது. எர்த்தும் ஆர்சிசிபியும் இல்லாமல் அன்றைக்கு மட்டும் கண்டிப்பாக லைன் கொடுக்கக் கூடாது.

ஆடியிலும் மார்கழியிலும் வீடு குடிபோக மாட்டார்கள், ஃபிட்டிங் வேலை குறையும். வைகாசியிலும் ஆவணியிலும் வந்த பணத்தை முழுக்கச் செலவழிக்காமல் அந்த மாதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

பழைய வீட்டு ரீ-வயரிங்குக்கு எப்படி ரேட் சொல்வது?

திறந்து பார்க்காமல் சொல்லவே கூடாது. இரண்டு மூன்று போர்டைக் கழற்றி, ஒரு பழைய வயரை இழுத்துப் பாருங்கள். அசைந்தால் அந்தப் பைப்பை மறுபடி பயன்படுத்தலாம். அசையாவிட்டால் உள்ளே சிமெண்ட் பால் இறங்கி இறுகியிருக்கலாம், பெண்ட் நசுங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். பழைய காலத்து மரப்பட்டை வயரிங், அலுமினிய வயர் இருந்தால் பாதி வேலை என்று ஒன்று கிடையாது, முழுவதும் மாற்ற வேண்டியதுதான்.

எஸ்டிமேட்டை இரண்டு பாகமாகக் கொடுங்கள். பார்த்தவரை தெரிந்த வேலைக்கு ஒரு தொகை. தெரியாததற்கு ரேட் மட்டும்: "பைப் அடைத்திருந்தால் புதிதாகச் சுவர் வெட்டி பைப் போட அடிக்கு இவ்வளவு." அடைப்பு வந்த அன்றே வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பைப்புக்குள் விட்ட ஸ்பிரிங் எங்கே நிற்கிறது என்று காட்டிவிட்டு வெட்டுங்கள். ஆட்கள் குடியிருக்கும் வீடென்றால் சாமான்களை நகர்த்துவது, சாயங்காலத்துக்குள் தற்காலிக லைன் கொடுப்பது என்று நாள் கூடும். புது வீட்டுக்கு 15 நாள் என்றால் இதற்கு 20 நாள் வையுங்கள்.

ரிப்பேர் வேலைக்கு? போய்ப் பார்த்தால் பத்து நிமிட வேலை, 500 ரூபாய் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வண்டி எடுத்துப் போய், பார்த்து, திரும்பி வர ஒரு மணி நேரம் போகிறது. விசிட் சார்ஜ் என்று ஒன்று வையுங்கள், முதல் ஒரு மணி நேரம் அதில் அடக்கம். ஃபோனிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குள் போன பிறகு சொன்னால்தான் கூச்சம் வருகிறது.

ஃபால்ட் கண்டுபிடிப்பதைப் பாயிண்ட் கணக்கில் பேசவே கூடாது. ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு வீட்டில் கூப்பிடுகிறார்கள். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டாலும் விழுகிறது. வீட்டுக்காரர் ஆர்சிசிபியே கெட்டுவிட்டது என்று நினைப்பார். ஒற்றைப் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் துண்டிக்கும். எங்கேயோ ஒரு நியூட்ரல் ஈரச் சுவரில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்சிபியை இறக்கியும் அந்தக் கசிவு போகாது. அல்லது இன்வெர்ட்டர் வைத்தவர் இரண்டு பக்க நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கி வைத்திருப்பார். மெயினை இறக்கி, நியூட்ரல் லிங்கில் (எல்லா நியூட்ரல் வயரும் சேரும் பட்டை) ஒவ்வொரு வயராகக் கழற்றி, எல்இடியையும் மற்ற எலக்ட்ரானிக் சாமான்களையும் பிரித்துவிட்டு, 500 வோல்ட் மெகரில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 1 மெகா ஓம்முக்குக் கீழே காட்டும் லைனைப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாகத் திறந்து போக வேண்டும். அரை மணியிலும் கிடைக்கலாம், அரை நாளும் ஆகலாம்.

அதனால் மணிக்கணக்கில் வாங்குங்கள், ஒரு எல்லையும் சொல்லுங்கள்: "1,500 ரூபாய் வரைக்கும் பார்க்கிறேன், அதைத் தாண்டும்னா உங்களைக் கேட்டுட்டுத்தான் தொடர்வேன்." கண்டுபிடித்ததும் எந்தப் பெட்டி, எந்த வயர், மெகரில் முன்னே எவ்வளவு, பின்னே எவ்வளவு என்று காட்டுங்கள். பார்த்தவர் பணம் தரத் தயங்கமாட்டார்.

ஜிஎஸ்டி போட வேண்டுமா?

சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். லேபர் மட்டும் எடுக்கும் ஒருவர் அந்த எல்லையை எட்டுவது அபூர்வம். சாமானோடு சேர்த்து எடுத்தால் முழு பில் தொகையும் வரவாகக் கணக்காகும், சில வீடுகளிலேயே எல்லை வந்துவிடும். பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டு வாங்கக் கூடாது. பதிவு செய்தவர்கள் சாமானோடு எடுக்கும் வயரிங் ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் போட வேண்டும். வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் 6 சதவீத காம்பொசிஷன் திட்டம் இருக்கிறது, ஆனால் அதில் வரியைத் தனியாக வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது, உங்கள் ரேட்டுக்குள்ளேயே அடங்க வேண்டும். எஸ்டிமேட்டில் "வரி தனி" அல்லது "வரி உட்பட" என்று எழுத மறக்காதீர்கள்.

லைசென்ஸ் செலவையும் ரேட்டில் சேர்க்கலாமா?

கட்டாயம் சேருங்கள். புது இணைப்புக்கு லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டரின் டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். கையெழுத்தை மட்டும் காசுக்கு வாங்கி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலையைப் பார்க்காமல் போடும் அந்தக் கையெழுத்துக்குக் கொடுக்கும் காசு வீண். உரிமம் உள்ளவரை நேரில் வரவழைத்து, எர்த்தையும் இன்சுலேஷனையும் டெஸ்ட் செய்து வாங்கும் ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு ஆகுமோ அதை எஸ்டிமேட்டில் தனி வரியாகப் போடுங்கள். கிண்டியில் இருக்கும் மின் உரிம வாரியத்தில் முதலில் கம்பியாளர் சான்று, பிறகு அடுத்த நிலை என்று நீங்களே ஏறிப் போங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் எலக்ட்ரீஷியனாகப் பதிவு செய்து வையுங்கள், கையாளையும் பதிவு செய்ய வையுங்கள்.

சொந்தக்காரர் வீட்டு வேலைக்கு என்ன ரேட் சொல்வது? மாமா வீட்டில் காசு கேட்கவே வாய் வரவில்லை.

மற்றவர்களுக்குப் போடும் அதே எஸ்டிமேட்டை முழுதாகப் போடுங்கள். கீழே "உறவுக்காகக் குறைத்தது" என்று ஒரு வரி எழுதி, உங்களால் தாங்க முடிந்த தொகையைக் கழியுங்கள். லாபத்தை விட்டுக்கொடுக்கலாம், உங்கள் கூலியில்கூடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். கையாளின் கூலியிலும் சாமான் விலையிலும் கைவைக்காதீர்கள், அந்தப் பையனுக்கு அவர் மாமா இல்லை. முழுத் தொகை தாளில் இருந்தால், நீங்கள் எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்று மாமாவுக்கும் தெரியும். அவர் இன்னொருவருக்கு உங்களைச் சிபாரிசு செய்யும்போதும் சரியான ரேட்டைத்தான் சொல்வார்.